மாரிக் காய்ச்சலும் நாலு கப்சூலும்

கார்த்திகை மாதம், மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு பின்னேரம். கல்முனைக்குத் தெற்கே ஓர் ஊரில், அம்மாவின் பிரஷர் குளிசைக்காகப் பாமசி ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, நேரே வந்திருக்க வேண்டும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கெண்டைக்கால் வரை அப்பியிருந்த சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"தம்பி, ரெண்டு நாளாக் காய்ச்சல். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு. நல்லதா ஒண்டு தாங்க."

"பனடோல் போட்டீங்களா அண்ணே?"

"போட்டன். போட்டா விடுது, மறுகா வருது."

"அப்ப அன்டிபயோட்டிக் ஒண்டு போட்டுப் பாருங்க."

கடைக்காரத் தம்பி கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி நாலு கப்சூல் கொடுத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. டொக்டர் எழுதிய துண்டு கேட்கவில்லை, வேறு கேள்வியும் இல்லை. வாங்கியவருக்கும் அதில் குறையில்லை. நாளைக்குப் பசளை எறியப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். நானும் வாய் திறக்கவில்லை. இதே கவுண்டரில் இதே மாதிரி நானும் பலமுறை வாங்கியவன்தான்.

அந்த நாலு கப்சூல் அவருக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஒன்றுமே செய்யாமல் இருந்திருக்கலாம். பெரிய ஆபத்து ஒன்றை நாலு நாளைக்கு மறைத்தும் வைத்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்று அந்த இடத்தில் நின்ற எவராலும் சொல்ல முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மாரிக் காய்ச்சலின் தன்மை அப்படி.

எங்கள் வீடுகளில் மருந்துக்கு ஒரு படிவரிசை உண்டு. முதலில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பது. அதற்கு மேலே பனடோல். அதற்கும் கேட்காவிட்டால் அன்டிபயோட்டிக். அதற்கும் மேலே ஊசி, சேலைன். காய்ச்சல் கூடக் கூடப் படியேற வேண்டும் என்பது கணக்கு. "கடும் மருந்து" என்று அன்டிபயோட்டிக்கைச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் அன்டிபயோட்டிக்குக்கு இந்தப் படிவரிசையில் இடமே கிடையாது. அது சூட்டைத் தணிக்காது, உளைவைக் குறைக்காது. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: பக்டீரியாவைக் கொல்வது, அல்லது அது பெருகாமல் தடுப்பது.

அந்தச் சிவப்பு மஞ்சள் கப்சூலுக்குள் இருப்பது பெரும்பாலும் அமொக்சிசிலின், பெனிசிலின் குடும்பத்து மருந்து. பக்டீரியாவின் உடலைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அது இரண்டாகப் பிரியும்போது புதிதாகச் சுவர் கட்டவேண்டும். அமொக்சிசிலின் அந்தக் கட்டுமானத்தைத்தான் குழப்புகிறது. சுவர் பலமில்லாமல் போக, உள்ளே நீர் ஏறி, வரம்பு உடைத்த வயல்போலப் பக்டீரியா சிதறிப்போகிறது. எங்கள் உடம்பின் கலங்களுக்கு அப்படியொரு சுவர் இல்லாததால்தான் மருந்து அவற்றை விட்டுவிடுகிறது. வைரசுக்கும் சுவர் இல்லை. அது தானாக வாழ்வதுமில்லை, பெருகுவதுமில்லை. எங்கள் கலத்துக்குள் புகுந்து எங்கள் சாமான்களை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அமொக்சிசிலின் அதில் எதைப் போய் உடைக்கும்? வேறு அன்டிபயோட்டிக்குகள் வேறு இடங்களில் தாக்கும். ஆனாலும் அவை குறிவைப்பது பக்டீரியாவின் உறுப்புகளைத்தான்.

ஆகவே 104 பாகை காய்ச்சலானாலும் காரணம் வைரஸ் என்றால் அன்டிபயோட்டிக் வீண். 100 பாகைதான், ஆனால் காரணம் பக்டீரியா என்றால் அதுவே உயிரைக் காப்பாற்றலாம். வெப்பமானிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் தடிமன் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் போட்டுச் சுகம் வந்ததே என்று கேட்பார்கள். வந்ததுதான். தடிமன் தொடங்கி மூன்றாம் நாள்தான் நாங்கள் பாமசிக்குப் போகிறோம், அன்றைக்குத்தான் அது உச்சத்தில் நிற்கும். ஐந்தாம் நாள் சுகம். கப்சூல் விழுங்காமல் விட்டிருந்தாலும் ஐந்தாம் நாள் அதே சுகம் வந்திருக்கும். புகழ் மட்டும் கப்சூலுக்குப் போய்விடும். அடுத்த தடிமனுக்கு மூன்றாம் நாள்வரைகூடப் பொறுக்க மாட்டோம்.

சளியின் நிறமும் இப்படித்தான் ஏமாற்றும். வெள்ளையாக வந்த சளி பச்சையானால் "கிருமி பிடிச்சிட்டு" என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தப் பச்சை எங்களுடைய சொந்த வெள்ளைக் குருதிக் கலங்களின் நிறம். அவற்றுக்குள் இருக்கும் ஒரு நொதியம் இயல்பிலேயே பச்சை. கலங்கள் சண்டைக்கு வந்து குவியும்போது சளியும் அந்த நிறத்தை எடுக்கிறது. சண்டை வைரசோடா பக்டீரியாவோடா என்பதை நிறம் சொல்லாது. இருமலும் நாங்கள் நினைப்பதைவிட நெடுநாள் நிற்கும். ஒரு கிழமையில் விடவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சாதாரண நெஞ்சுச்சளி இருமல் சராசரியாக 18 நாள் இழுக்கும். பத்தாம் நாள் பொறுமை போய் டொக்டரை மாற்றுகிறோம். புது டொக்டர் ஒரு அன்டிபயோட்டிக் எழுதுகிறார், அது முடியும்போது இருமலும் முடிகிறது, கைராசி டொக்டர் என்று ஊரெல்லாம் பேச்சு.

தொண்டை நோவில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தொண்டை நோவோடு மூக்கொழுகலும் இருமலும் குரலடைப்பும் சேர்ந்து வந்தால் அது அநேகமாக வைரஸ். இருமலே இல்லாமல், நல்ல காய்ச்சலோடு, உள்நாக்குப் பக்கத்து டொன்சில் வீங்கி வெள்ளை படர்ந்து, தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் கட்டிகளும் இருந்தால், அதுவும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு என்றால், டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்குப் பின்னர் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வைப் பழுதாக்கும். கிளினிக்கில் மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட வரும் இளம் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். பலருக்குக் கதை ஒரு தொண்டை நோவில் தொடங்கியதுதான்.

சரி, மாரிக்கு வருவோம்.

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்க, பெரும்போகமும் தொடங்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வட்டைகளிலும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களிலும் ஆட்கள் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பார்கள். அதே மழை வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஊர்களில் பூச்சாடியிலும் சிரட்டையிலும் கழித்துப்போட்ட டயரிலும் தேங்கி நுளம்பைப் பெருக்கும். அதனால் மார்கழி, தை மாதங்களில் எங்கள் மாவட்டங்களில் ஒரே முகத்தோடு பல காய்ச்சல்கள் சுற்றித் திரியும். தலையிடி, உடம்பு உளைவு, சாப்பாட்டில் மனமின்மை என்று முதல் இரண்டு நாளில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு அன்டிபயோட்டிக் துளியும் பயன்படாது. இன்னொன்றுக்கு உடனே வேண்டும். மூன்றாவது ஒன்றுக்குப் பாமசியில் கைக்கு வரும் அன்டிபயோட்டிக் எதுவும் போதாது.

முதலாவது டெங்கு. அது வைரஸ். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். அந்த வருடத்தை எங்கள் வைத்தியசாலை வார்டுகள் மறந்திருக்காது. டெங்கில் அன்டிபயோட்டிக் போடுவதால் வரும் கெடுதி, மருந்து வேலை செய்யாது என்பதோடு நிற்பதில்லை. டெங்குக் காய்ச்சல் மூன்றாம், நாலாம், ஐந்தாம் நாளளவில் தானாகவே இறங்கும். ஆபத்தான கட்டம் தொடங்குவதும் அப்போதுதான்: இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசியும், இரத்த அமுக்கம் விழும், சிலருக்கு இரத்தம் கசியும். இப்போது நாலு கப்சூல் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் வாங்கினார், நாலாம் நாள் கப்சூல் முடிகிறது, அதே நாள் காய்ச்சலும் விடுகிறது. மருந்து கேட்டுவிட்டது என்று வட்டைக்குப் போகிறார். வயிற்று நோ, வாந்தி, களைப்பு, சலம் (சிறுநீர்) குறைவது எல்லாம் வந்தாலும், "காய்ச்சல் விட்டிட்டு, இது கடும் மருந்து குடிச்ச களை" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். காய்ச்சல் விட்ட ஓரிரு நாள்தான் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

டெங்குச் சந்தேகத்துக்குப் பனடோல் மட்டும்தான். அதுவும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவுக்கு மேல் வேண்டாம். உளைவுக்கென்று பாமசியில் சேர்த்துத் தரும் டைக்குளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். மூன்றாம் நாள் ஒரு எஃப்பிசி, அதாவது முழுக் குருதிப் பரிசோதனை, செய்து பார்ப்பது இலங்கையில் வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை. நாலு கப்சூலுக்குப் பதிலாக அந்தக் காசை இதற்குச் செலவழித்திருந்தால் உருப்படியாக ஒரு தகவலாவது கிடைத்திருக்கும்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். இது பக்டீரியா, லெப்டோஸ்பைரா என்று பெயர். எலியின் சலத்தோடு வயல் தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் உள்ளே போகும். இரத்தினபுரி, களுத்துறைப் பக்கங்களில்தான் இதன் பேச்சு அதிகம். ஆனால் எலியும் சேறும் எங்கள் வட்டையிலும் இருக்கின்றன. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை தொடமுடியாத அளவுக்கு நோவது, கண் பீளையில்லாமல் சிவப்பது, சலம் குறைவது, கண்ணும் தோலும் மஞ்சளாவது எல்லாம் இதன் அடையாளங்கள். எல்லோருக்கும் எல்லாம் வராது. பிந்தினால் சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகும். முந்தினால் பெனிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளே போதும். அன்டிபயோட்டிக்கைப் பற்றிப் பேசும்போது அதைக் கெட்டவனாக்கிப் பேசுவதே இப்போது வழக்கமாகிவிட்டது. எலிக்காய்ச்சலில் முதல் சில நாளுக்குள் அது கிடைக்காமல் போவதுதான் கேடு.

டொக்டருக்கு இதில் துப்புக் கொடுக்கக்கூடியவர் நோயாளிதான். கிருமி உடம்புக்குள் போய் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சல் வரும். ஆகவே நேற்று எங்கே போனேன் என்று யோசித்துப் பிரயோசனமில்லை. இரண்டு கிழமைக்கு முன்னால் வரம்பு கட்டினேனா, வாய்க்கால் துப்புரவாக்கினேனா, வெள்ளத்தில் நடந்தேனா என்று யோசிக்கவேண்டும். "வட்டைக்குள்ள இறங்கினனான் டொக்டர்" என்ற அந்த ஒரு வசனம் சிலவேளை ஒரு இரத்தப் பரிசோதனையைவிடப் பெறுமதியானது. ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவு வரிசையில் ஆளுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாங்களே சொல்லிவிட வேண்டும்.

நோயே இல்லாமல் அன்டிபயோட்டிக் குடிக்கச் சொல்லும் அபூர்வமான சந்தர்ப்பமும் இந்தக் காய்ச்சலோடுதான் வருகிறது. ஆபத்துக் கூடிய வயல்களில் இறங்குவோருக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையும் பி.எச்.ஐ.மாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரே ஒரு தடவை, வேலை நடக்கும் கிழமைகளில் மட்டும். கொடுத்தால் மறுக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் குடிக்கக் கூடாது. பாலூட்டும் தாய்மார் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். குளிசை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்துக் குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இன்னொரு விசயம் வயல்காரருக்கு முக்கியம்: இதைக் குடித்தவர்களில் சிலருக்கு வெயில் பட்டால் தோல் வழக்கத்தைவிட எளிதில் கருகிச் சிவக்கும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அந்த நாட்களில் தேவை. சேற்றில் இறங்கமுன் கால் காயத்தைக் கட்டுவதை இந்தக் குளிசை இல்லாமலாக்கி விடாது.

மூன்றாவது காய்ச்சலின் பெயர் இன்னும் ஊர்வாய்க்கு வரவில்லை. மெலியோய்டோசிஸ். இலங்கையில் இது முதலில் பதிவானது 1927இல். பிறகு நெடுங்காலம் பேச்சில்லாமல் கிடந்து, ஆய்வுகூட வசதி பெருகப் பெருக இப்போது நாட்டின் பல பகுதிகளில் கண்டறியப்படுகிறது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. இதன் பக்டீரியா மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ குடிநீர் வழியாகவோ உள்ளே போகும். எல்லோரையும் ஒரேமாதிரிப் பிடிக்காது. சீனி வருத்தக்காரரைத்தான் தேடிப் பிடிக்கும். உலகில் இந்நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருந்திருக்கிறது. எங்கள் ஊர்களில் ஐம்பது தாண்டிய வயல்காரர்களில் எத்தனை பேர் கிளினிக் கொப்பி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆபத்து யாருக்கு என்பது விளங்கும்.

இது பல வேடம் போடும் நோய். ஒருவருக்கு நிமோனியாபோல, இன்னொருவருக்கு ஆறாத கட்டிபோல, வேறொருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக, சிலருக்குக் கசநோய்போல. அமொக்சிசிலினும் ஜென்டாமைசினும் இதை அசைக்காது. வைத்தியசாலையில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்ற மருந்தை நாளம் வழியாகக் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் ஏற்றி, பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசையை மூன்று மாதமோ அதற்கு மேலோ கொடுப்பார்கள். அவ்வளவு மருந்துக்கும் தப்பி உயிரைக் குடிப்பதும் உண்டு.

நாலு கப்சூல் செய்யும் வேலையை இப்போது திரும்பப் பாருங்கள். இந்த நோயை உறுதிப்படுத்த ஒரே நல்ல வழி, இரத்தத்தையோ சீழையோ எடுத்து ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது, கல்ச்சர் என்பார்கள். இரத்தம் எடுக்கமுன் நாங்கள் அரைகுறையாக ஒரு அன்டிபயோட்டிக் குடித்திருந்தால், கிருமி உடம்பில் பத்திரமாக இருக்க, கல்ச்சர் போத்தலில் மட்டும் வளராமல் போகலாம். ரிப்போர்ட்டில் "கிருமி இல்லை" என்று வரும். மெலியோய்டோசிசுக்கு மட்டுமல்ல, நெருப்புக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி ஏறிய மற்ற வருத்தங்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். வார்டில் டொக்டர் "வெளிய ஏதும் மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்பது ஏசுவதற்காக என்று நினைத்து எங்கள் ஆட்கள் பலர் இல்லை என்று தலையாட்டுவார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் அவரால் ரிப்போர்ட்டை வாசிக்கவே முடியாது. குடித்திருந்தால் அட்டையையே கொண்டுபோய்க் காட்டலாம்.

பிள்ளைகள் விசயத்தில் பெற்றோருக்கு இரவில் வரும் கேள்வி வேறு: இது தடிமனா, நெஞ்சில் சளி இறங்கிவிட்டதா? இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது, காசும் தேவையில்லை. பிள்ளை நித்திரையாகவோ அழாமல் அமைதியாகவோ இருக்கும்போது சட்டையை உயர்த்தி வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்து எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமூச்சு. உலக சுகாதார நிறுவனம் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கணக்கு இதுதான். இருமலோடு வேகமூச்சு இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம், அன்டிபயோட்டிக் தேவைப்படலாம். மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் விடியும்வரை பார்க்காமல் அப்போதே வைத்தியசாலைக்கு. எண்ணிக்கை குறைவு, பிள்ளை விளையாடுகிறது, மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால் அலமாரியில் போன முறை மிச்சமான அன்டிபயோட்டிக் பாணி போத்தலைத் தொடாமல் விடலாம். தண்ணீரில் கரைத்த அந்தப் பாணிக்கு ஒரு கிழமை, இரண்டு கிழமைதான் ஆயுள். அது எப்போதோ செத்த மருந்து.

வயிற்றோட்டத்துக்கும் இதே கதைதான். பெரும்பாலானவற்றுக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல்தான் மருந்து. மலத்தோடு இரத்தம் போனால், கடும் காய்ச்சல் இருந்தால் அன்டிபயோட்டிக் தேவையா என்று டொக்டர் பார்ப்பார். சாதாரண வயிற்றோட்டத்துக்கு அதைக் குடித்தால் குடலில் உள்ள நல்ல பக்டீரியாவும் சேர்ந்து செத்து, வயிற்றோட்டம் நீளவும் கூடும்.

சலம் எரிவுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அன்டிபயோட்டிக் தேவைப்படுவது அதிகம். முடிந்தால் முதலில் சலத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்லது. எரிவோ காய்ச்சலோ இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் கிருமி தெரிந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை; கர்ப்பிணிகளைப் போன்ற சிலருக்குத்தான் தேவை. சீழ் வைத்த கட்டிக்குக் கீறிச் சீழை எடுப்பதுதான் முதல் வைத்தியம். காயத்தில் கப்சூலை உடைத்துத் தூளைத் தூவும் பழக்கத்தை என் பெரியப்பாவிடம் கண்டிருக்கிறேன். அதனால் காயம் ஆறாது. சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும் போட்டுக் கழுவுவதும், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டதா என்று பார்ப்பதும்தான் வேலை.

"அடிக்கடி குடிச்சா உடம்பு பழகிப்போயிடும்" என்று சொல்வார்கள். பழகுவது உடம்பு அல்ல, உள்ளே இருக்கும் பக்டீரியா. ஒருமுறை அன்டிபயோட்டிக் குடித்தால் அதற்குத் தப்பிய பக்டீரியா குடலிலும் தோலிலும் மாதக்கணக்கில் தங்கும். ஒரு வருடம் வரைகூட அதன் தடயம் தெரியும் என்று கண்டிருக்கிறார்கள். கைவழியாக, சாப்பாடு வழியாக வீட்டில் மற்றவருக்கும் போகும். தடிமனுக்கு நான் குடித்த கப்சூலின் விலையை என் தாய் அடுத்த வருடம் சலக் கிருமிக்காகக் கொடுக்க நேரலாம். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு மசியாத பக்டீரியா நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது கணக்கு.

1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். பெனிசிலினை யாரும் கடையில் வாங்கக்கூடிய காலம் வரலாம், அப்போது விசயம் தெரியாதவர் குறைந்த அளவில் குடித்து, கிருமியைச் சாகடிக்காமல் பழக்கிவிடுவார் என்பது அவருடைய கவலை. கத்தரிக்கோலும் நாலு கப்சூலும் அவர் கண்ணில் பட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் அச்சொட்டாகச் சொல்லியிருக்கிறார். இலங்கைச் சட்டப்படி டொக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது. வருடா வருடம் கார்த்திகையில், நவம்பர் 18 முதல் 24 வரை, இதற்கென்று உலக விழிப்புணர்வு வாரமும் நடக்கிறது. எங்கள் வட்டையில் பசளை எறியும் வாரமும் அதுவாகத்தான் இருக்கும்.

கடைக்காரத் தம்பியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வைத்தியசாலைக்குப் போனால் அரை நாள் சம்பளம் போகும். மாலையில் தனியார் கிளினிக்குக்குப் போனால், பனடோலோடு அனுப்பிய டொக்டரை "மருந்து தராம அனுப்பிட்டார்" என்று நாங்களே பேசுவோம். அவருக்கும் இது தெரியும். "இதுக்கு அன்டிபயோட்டிக் கட்டாயம் தேவையா டொக்டர், ரெண்டு நாள் பார்க்கலாமா?" என்று கேட்டால் பல டொக்டர்மாருக்கு அது நிம்மதி. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் சிரித்துவிட்டு, எழுதியிருந்த கடைசி வரியை வெட்டிவிட்டார்.

தந்த மருந்தை முழுதாக முடிக்க வேண்டுமா என்பதிலும் கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு எல்லாவற்றுக்கும் ஏழு நாள், பத்து நாள். இப்போது சாதாரண நிமோனியாவுக்கு ஐந்து நாள், பெண்களின் சாதாரண சலக் கிருமிக்கு மருந்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாள் என்று பல வருத்தங்களுக்குக் குறுகிவிட்டது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொண்டைக்குப் பெனிசிலின் இன்னும் பத்து நாள்தான், கசநோய்க்கு ஆறு மாதம். நாள் குறைந்ததற்குக் காரணம் ஆய்வு, எங்கள் அலுப்பு இல்லை. ஆகவே எத்தனை நாள் என்பதை எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு அத்தனை நாள் குடிக்க வேண்டும். உடம்பு தடித்துச் சொறிந்தால், முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் நிறுத்திவிட்டு நேரே வைத்தியசாலைக்கு. எந்த மருந்துக்கு அப்படி வந்தது என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கவேண்டும்.

எழுதி வாங்குவது என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்துக் கிளினிக்குகளில் மருந்தைச் சின்னக் கடதாசிப் பக்கெட்டில் போட்டு, வெளியே இரண்டு கோடும் ஒரு வட்டமும் போட்டுத் தருவார்கள். எத்தனை நேரம் என்று தெரியும், என்ன மருந்து என்று தெரியாது. அம்மா இப்போது பக்கெட்டைத் திருப்பி நீட்டி, "இதில பேர எழுதித் தாங்க மகள்" என்று கேட்டு வாங்குகிறா. போன மாதம் அவவின் பழைய பிஸ்கட் டின்னைக் கொட்டிப் பார்த்தோம். பெயரில்லாத பக்கெட் ஐந்து இருந்தது. உள்ளே ஒன்பது கப்சூல், மூன்று நிறம். எது எந்தக் காய்ச்சலுக்கு, யாருக்குத் தந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.